ஈயத் தூண்டில் நரம்பு: ஐந்து பாகம் விட்டால் எவ்வளவு ஆழம் இறங்கும்?

“ஃபைபர் படகு வைத்து வலையும் தூண்டிலும் போட்டுப் பிழைக்கிறோம். கனடாவில் இருக்கும் மைத்துனர், அங்கே ஒன்டாரியோ ஏரியில் சால்மன் மீன் பிடிக்கப் பயன்படுத்தும் ‘லெட் கோர்’ நரம்பு ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தார். பத்து நிறங்களில் இருக்கிறது. இதை எப்படிக் கட்டுவது? எவ்வளவு ஆழம் இறங்கும்? நம் கடலில் வஞ்சிரம், பாறை பிடிக்க உதவுமா? கடன் வாங்கியாவது இன்னும் நாலு சுருள் வரவழைக்கலாமா என்று யோசிக்கிறோம்.”

- ஒரு வாசகர், வேம்பார், தூத்துக்குடி மாவட்டம்.

கடன் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் ஒரு சுருளே போதும். அதையும் எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொண்டு இறக்கினால்தான் பலன் கிடைக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போவதை ‘ட்ரோலிங்’ என்கிறார்கள். கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவை மடிக்குப் பெயர் ‘ட்ராலிங்’. உச்சரிப்பு பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தொழில். இங்கே பேசுவது தூண்டிலைப் பற்றி மட்டுமே.

இந்த நரம்பு எப்படிச் செய்யப்பட்டது?

நடுவே மெல்லிய ஈயக் கம்பி, அதன் மேல் நூலால் பின்னிய உறை. அவ்வளவுதான். எடையைத் தருவது ஈயம், இழுவையைத் தாங்குவது உறை. சுருளில் 27 பவுண்டு என்று போட்டிருந்தால், சுமார் 12 கிலோ இழுவையை உறை தாங்கும் என்று பொருள். ஈயக் கம்பிக்குச் சொந்தமாகப் பலம் கிடையாது. இரண்டு தரம் மடக்கினால் ஒடிந்துவிடும்.

உறைக்கு 10 கெஜத்துக்கு ஒரு நிறம், அதாவது 30 அடிக்கு ஒரு நிறம். பத்து நிறம் சேர்ந்தால் 300 அடி. நம் கடற்கரைக் கணக்கில் ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி என்பதால், ஒரு நிறம் என்பது சரியாக 5 பாகம். அங்கே நிறத்தை எண்ணுகிறார்கள், இங்கே பாகத்தை எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே கணக்குதான்.

அந்த ஏரிகளில் ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொள்ளும் பேரேரிகளில் சால்மன் இன்று பெரிய தூண்டில் மீன். மிச்சிகன் ஏரியில் 1966-ல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள், அடுத்த ஆண்டு சினூக் சால்மனையும் விட்டார்கள். கோடையில் அந்த ஏரிகளின் மேல் நீர் சூடேறிவிடும், அடி நீர் குளிர்ந்தே இருக்கும். குளிரை விரும்பும் சால்மனும் டிரவுட்டும் கீழே உள்ள குளிர் அடுக்குக்கு இறங்கிவிடும். மேலே தூண்டிலை இழுத்துப் போனால் ஒன்றும் கடிக்காது. இரையை 30, 40 அடிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். குண்டு கட்டாமலேயே நரம்பு தானாக இறங்க வேண்டும் என்பதற்காக ஈய நரம்பைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, இது மெதுவாக ஓடும் படகுக்கும் ஆழத்தில் நிற்கும் மீனுக்கும் ஏற்ற கருவி.

எவ்வளவு இறங்கும்?

27 பவுண்டு நரம்பை மணிக்கு சுமார் 3 கி.மீ. வேகத்தில் இழுத்தால், ஒரு நிறத்துக்கு 5 அடி இறங்கும் என்பது ஏரிக்காரர்களின் தோராயக் கணக்கு. நரம்பின் தடிமன், இரையின் வடிவம், நீரோட்டம் இவற்றைப் பொறுத்து ஓரிரண்டு அடி கூடும், குறையும். 5 பாகம் நரம்பு விட்டால் ஒரு பாகத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிறம் விட்டால் 25 அடி, பத்து நிறமும் விட்டால் 50 அடி.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. வேகம் கூடக் கூட, தண்ணீர் நரம்பை மேலே தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் ஆழம் ஏறக்குறைய பாதியாகும். வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் இழுக்கும்போது படகு பொதுவாக மணிக்கு 7 முதல் 11 கி.மீ. வரை ஓடும். 8 கி.மீ. என்றே வைத்துக்கொண்டால், ஏரியில் 50 அடி இறங்கிய பத்து நிறம் இங்கே 20 அடியைத் தாண்டுவது கடினம். 50 பாகம் நரம்பை வெளியே விட்டு மூன்று பாகம் ஆழத்தை எட்டுவதில் என்ன லாபம்? அதைச் சுருட்டி எடுக்கும் நேரத்தில் அடுத்த மீன் போய்விடும். தவிர, வஞ்சிரமும் சூரையும் பெரும்பாலும் மேல் நீரிலும் நடு நீரிலும் இரை துரத்துபவை. அவற்றைத் தேடி அவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. நாலு சுருள் வாங்க வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

கட்டும் முறை

கையில் இருக்கும் சுருளை மெதுவான ஓட்டத்துக்குப் பயன்படுத்தலாம். விடியற்காலையில் எஞ்சினைக் குறைத்து வைத்து, மணல் தரை மேல் பாறை, ஊளி மீன்களுக்காக இழுக்கும்போது அது உதவும்.

1. முழுச் சுருளையும் பயன்படுத்த வேண்டாம். மூன்று அல்லது நாலு நிறம் போதும். நிறம் மாறும் இடத்தில் வெட்டினால் எண்ணிக்கை தவறாது.

2. மெல்லிய கட்டையில் சுற்றக் கூடாது. உள்ளே ஈயம் மடிந்து ஒடிந்துவிடும். ஒரு சாண் குறுக்களவாவது உள்ள அகன்ற உருளையில் சுற்ற வேண்டும்.

3. கைப்பக்கம் வழக்கமான நைலான் நரம்பு நிறைய இருக்க வேண்டும். மீன் இழுத்து ஓடும்போது ஓடவிடுவதற்கு அதுதான் இருப்பு. அதன் பலம் ஈய நரம்பின் பலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவும்.

4. முடிச்சுதான் பலரும் தவறும் இடம். ஈயத்தோடு சேர்த்து முடிச்சுப் போடக் கூடாது. நுனியில் உறையை அரைச் சாண் பின்னுக்குத் தள்ளினால் ஈயக் கம்பி வெளியே தெரியும். அந்த நீளத்தை ஒடித்து எடுத்துவிட்டு, உறையைப் பழையபடி முன்னே இழுத்தால் நுனி வெறும் குழாயாக இருக்கும். நைலான் நரம்பை அந்தக் குழாய்க்குள், ஈயத்தை முட்டும் வரை நுழைக்கவும். உறையும் நரம்பும் ஒன்றாக இருக்கும் பகுதியில், இரண்டையும் சேர்த்துச் சாதாரண முடிச்சு இரண்டு மூன்று இடைவெளி விட்டுப் போடவும். தண்ணீரில் நனைத்து இறுக்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு பலமாக இழுத்துப் பார்க்கவும். படகில் அவிழ்வதைவிடக் கரையில் அவிழ்வது நல்லது.

5. மறுமுனையிலும் இதே முடிச்சு. அங்கே 4, 5 பாகம் நிறமில்லாத நரம்பு வேண்டும். வண்ண உறை இரைக்குப் பக்கத்தில் இருந்தால் மீன் மிரளும். ஊளி, வஞ்சிரம் போன்ற பல்லுள்ள மீன்கள் இருக்கும் இடத்தில், கடைசி ஒரு முழத்துக்கு எஃகுக் கம்பி கட்டாயம். இரை சுழன்று நரம்பு முறுக்கேறாமல் இருக்க, கம்பிக்கு முன்னால் ஒரு சுழலும் வளையம் போடவும்.

இழுக்கும் முறை

படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நரம்பை விட வேண்டும். கையில் சற்றே அழுத்தம் கொடுத்து, நிறத்தை எண்ணியபடி மெதுவாக விடவும். மொத்தமாக விட்டால் சிக்கு விழும். சிக்கு விழுந்த இடத்தில் ஈயம் ஒடியும், ஒடிந்த முனை உறையைக் கிழிக்கும். கையுறையோ துணியோ இல்லாமல் பிடித்தால் விரல் அறுபடும்.

படகைத் திருப்பும்போது கவனமாகப் பார்க்கவும். வளைவின் உள்பக்கம் வரும் தூண்டில் வேகம் குறைந்து கீழே இறங்கும். வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே வரும். உள்பக்கத் தூண்டிலில் மீன் கடித்தால், மீன் இன்னும் ஆழத்தில் இருக்கிறது அல்லது இன்னும் மெதுவான ஓட்டத்தை விரும்புகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் கடித்தால் நேர்மாறு. ஏரிக்காரர்கள் நேராக ஓட்டாமல் பாம்புபோல வளைந்து ஓட்டுவது இதைத் தெரிந்துகொள்ளத்தான். இந்த யுக்திக்கு ஈய நரம்பே தேவையில்லை, எந்தத் தூண்டிலுக்கும் பொருந்தும்.

மீன் கடித்தவுடன் எஞ்சினை நிறுத்திவிடக் கூடாது. இந்த நரம்பு மிதக்காது. படகு நின்றால் மொத்தமும் அடியில் போய்ப் படுத்து, பாரில் சிக்கும். வேம்பார் பக்கம் தீவுகளை ஒட்டிப் பவளப்பாறைகள் உண்டு. அங்குள்ள தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை என்பதால், பூங்கா எல்லைக்குள் தூண்டிலும் போடக் கூடாது. எல்லைக்கு வெளியேயும் பார் உள்ள இடத்தில் ஈய நரம்பை இறக்க வேண்டாம். சிக்கி அறுந்தால் நரம்பும் போகும், ஈயமும் கடலடியில் கிடக்கும்.

நரம்பு இல்லாமலே அதே பலன்

ஈய நரம்பு கொடுக்கும் உண்மையான லாபம், ‘என் இரை எந்த ஆழத்தில் போகிறது’ என்று தெரிந்து இழுப்பது. அதைச் சாதாரண நைலான் நரம்பிலும் செய்யலாம். இரைக்கு 5 பாகம் முன்னால், இரு பக்கமும் சுழல் வளையம் வைத்த நீளமான குண்டு ஒன்று, 150 முதல் 250 கிராம் எடையில் கட்டவும். கைப்பக்க நரம்பில் 5 பாகத்துக்கு ஒரு நூல் அடையாளம் சுற்றவும்.

பிறகு ஒரு சோதனை. குண்டு விட்டுப் பார்த்து, 4 பாகம் ஆழமுள்ள மணல் தரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். வழக்கமான மெதுவான வேகத்தில் ஓட்டி, ஒவ்வோர் அடையாளமாக நரம்பை விடவும். இரை தரையைத் தொட்டு உரசுவது கையில் தெரியும். அந்த வேகத்தில் எத்தனை அடையாளம் விட்டால் 4 பாகம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளவும். வேகத்தை மாற்றி மறுபடியும் பார்க்கவும். இரண்டு காலைப்பொழுதில் சொந்தப் படகுக்கு, சொந்த எஞ்சினுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். இனி மீன் கடிக்கும்போதெல்லாம் அடையாளம், வேகம், நேரம் மூன்றையும் எழுதி வைத்தால், ஒரு பருவத்தில் அது நாலு சுருள் நரம்பைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

“என் கணவர் வலைக்கும் தூண்டிலுக்கும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்து, வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்க்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கோழி, ஆடும் உண்டு. ‘என் அப்பா காலத்திலிருந்து செய்கிறோம், ஒன்றும் ஆகாது’ என்கிறார் மாமியார். இதனால் கெடுதல் உண்டா?”

- ஒரு வாசகி, தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.

கெடுதல் உண்டு. உடனே நிறுத்த வேண்டும். மாமியார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆபத்தே அதுதான்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் அதைச் சுலபமாகத் தாண்டும். அப்போது எழும் புகையும், மேலே ஆடைபோலத் திரளும் கசடின் தூளும் அடுக்களைச் சுவர், தரை, பாத்திரம், துணி எல்லாவற்றிலும் படியும். தரையில் தவழ்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குள் அது நேராகப் போகும். விழுங்கிய ஈயத்தில், பெரியவர்கள் உடல் ஏற்பதைப்போல 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பதும் அதன் நிலைப்பாடு.

ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு, ரத்தசோகை, அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல் ஆகியவை வரலாம். எதுவுமே வெளியே தெரியாமலும் இருக்கலாம். கர்ப்பிணிகளின் உடலிலிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்கும் அது போகும். ஆகவே குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வீட்டில் ஈயம் உருக்கிய விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை உண்டு. கணவருக்கும் அதைச் செய்வது நல்லது.

பழைய பேட்டரி இன்னும் மோசம். அதன் அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். உடைத்த பேட்டரித் தட்டுகளின் தூள் மண்ணில் கலந்தால் வருடக்கணக்கில் போகாது. அந்த மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையிலும் ஈயம் சேரும். ஆடு மாடுகள் பேட்டரித் தகட்டை நக்கும் பழக்கம் உள்ளவை. கால்நடைகளில் ஈய நச்சு வருவதற்கு வீசியெறிந்த பேட்டரி முக்கியக் காரணம். கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, பல்லைக் கடிப்பது, வலிப்பு வருவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் பேட்டரி விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை: மீதி இருக்கும் பேட்டரியை உடைக்காமல், புதிய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடவும். ஈயம் உருக்கிய சட்டி, கரண்டியை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. அடுக்களையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும், ஈரத் துணியால் பல தடவை துடைக்கவும். குழந்தையின் கையை ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவவும். உருக்கிய இடத்து மண்ணில் கோழியை மேயவிட வேண்டாம், கீரையும் போட வேண்டாம்.

வார்த்த குண்டாகக் கடையில் வாங்கிப் பயன்படுத்தலாம். அதைத் தொட்டால் உடனே விஷம் ஏறாது. ஆனால் பீடி, சாப்பாடு, குழந்தை, இந்த மூன்றையும் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். சிறு ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும், அதற்குக் குறடு இருக்கிறது. கரையோர வலைகளுக்குச் சுட்டமண் குண்டும், தூண்டிலுக்கு இரும்புத் துண்டும் பல இடங்களில் போதும். இரும்பு, ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் அதே எடைக்குச் சற்றுப் பெரியதாக இருக்கும், அவ்வளவே. இங்கிலாந்தில் சிறிய ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், 1987-லேயே அவற்றுக்குத் தடை விதித்தார்கள். பறவைக்கு வந்த கேடு பிள்ளைக்கும் வரும் என்று கணவரிடமும் மாமியாரிடமும் எடுத்துச் சொல்லவும்.

“கண்மாயில் விரால், கட்லா பிடிக்க ஈயம் வைத்த நரம்பு உதவுமா?”

- ஒரு வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்.

உதவாது. அது ஓடும் படகுக்கானது. ஆழம் குறைந்த கண்மாயில், சேற்றிலும் கொடியிலும் படுத்துச் சிக்கும். விரால் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும் மீன். தாமரை, கொடி ஓரத்தில் உயிர் இரை வைத்த தூண்டிலே அதற்குச் சரி. கட்லா மேல் நீரிலும், ரோகு நடு நீரிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, எந்த மீன் வேண்டுமோ அந்த ஆழத்தில் இரையை நிறுத்தினால் போதும். கண்மாய் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் அனுமதி கேட்ட பிறகே தூண்டில் போட வேண்டும்.